கறுப்புச் சீட்டுக்காரர்

எங்கள் ஆஸ்பத்திரியில் வருடம் ஒருமுறை பேரிடர் ஒத்திகை நடக்கும். அதில் பிணமாகப் படுப்பதற்கென்றே பிறந்தவர் ஸ்ட்ரெச்சர்காரர். ஒல்லி உடம்பு; மூச்சு விடுவது வெளியே தெரியாது. அந்தப் பதவிக்கு அவருக்குப் போட்டியே இருந்ததில்லை.

அடிபட்டவர்களின் கையில் டாக்டர்கள் நிறச் சீட்டு கட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே உள்ளே தூக்க வேண்டும். மஞ்சள் காத்திருக்கும். பச்சை தானாக நடந்து வரும். கறுப்பு என்றால் செத்தவர், அல்லது பிழைக்க வழியில்லாதவர். சைக்கிள் ஸ்டாண்டில் கிடத்திவிட்டு மறந்துவிட வேண்டும். மறப்பதில் எங்களுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. ஒருமுறை டீ, பிஸ்கட், குரூப் போட்டோ எல்லாம் முடிந்து மழையும் பெய்துவிட்டது. எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லாததால் இவர் நனைந்துகொண்டே செத்துக் கிடந்தார்.

ஆய்வுக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தார். "கறுப்புப் பக்கம் ஒரு ஆளப் போடுங்க சார். சும்மா உக்காந்திருந்தா போதும்."

"செத்தவனுக்கு எதுக்குய்யா பேச்சுத்துணை?" என்றார் பெரிய டாக்டர். கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார்; இவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் எழுப்பி ஒரு டீ கொடுக்க ஓர் ஆள்.

பிறகு ஒரு நாள், நிஜமாகவே ஒரு கிடங்கின் கூரை இடிந்து விழுந்தது. சீட்டுகள் பீரோவில் பத்திரமாக இருந்தன. சாவி அதைவிடப் பத்திரமாக, லீவில் போனவரின் பையில் இருந்தது. டாக்டர்கள் மார்க்கர் பேனாவால் நெற்றியிலேயே நிறம் தீட்டினார்கள்.

ஸ்ட்ரெச்சர்காரரும் மறுமுனை பிடிக்கும் கூட்டாளியும் ஓடி ஓடித் தூக்கினார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் இறக்கிய ஒருவனின் முகத்தில் அப்பியிருந்த சிமெண்டை இவர் துடைத்தார். மச்சான். மனைவியின் ஒரே தம்பி, அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குபவன். நெற்றியில் கறுப்பு. மார்பு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இவர் பெரிய டாக்டரிடம் ஓடினார். "மூச்சு இருக்கு சார்."

"தெரியும்யா." டாக்டர் அடுத்த நெற்றியில் மார்க்கரை வைத்தார். "அவன உள்ள எடுத்தா வேற ரெண்டு பேர் போயிடுவாங்க. என்ன பண்ணச் சொல்ற?"

இவர் திரும்பிப் போய் மச்சானின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் கண்ணைத் திறந்தான்.

"மாமா, என்ன ஏன் இங்க போட்டிருக்காங்க?"

"உள்ள இடமில்லடா. வருஷா வருஷம் நான் படுக்கற இடம்தான் இது."

"அப்போ எழுந்திருச்சிடலாம்ல?"

"ம். டீ வரட்டும்."

"ஆள் வந்துக்கிட்டே இருக்கு, வாய்யா," என்று கூட்டாளி வாசலிலிருந்து கூப்பிட்டார். இவர் நகரவில்லை. கூட்டாளி ஒற்றை ஆளாக ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு போனார். பிடித்திருந்த கை சில்லிட்ட பிறகுதான் இவர் எழுந்தார்.

வேலை நேரத்தில் உட்கார்ந்ததற்கு மெமோ வந்தது. வீட்டில் மனைவி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசியா என்ன கேட்டான்?"

"எழுந்திருக்கலாமான்னு கேட்டான்."

அவள் அடுப்பைப் பற்றவைத்து, எதையும் ஏற்றாமல் வெகுநேரம் நின்றாள்.

அடுத்த ஒத்திகைக்குள் நிர்வாகம் பாடம் கற்றுக்கொண்டிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஆள் போடவில்லை. சிறப்பு விருந்தினரின் கைப்பை அதில் உட்கார்ந்திருந்தது. எல்லாம் முடிந்ததும் கூட்டாளி வந்து, பையைத் தரையில் இறக்கிவிட்டு அமர்ந்தார்.

"முடிஞ்சுது, எழுந்திருய்யா. டீ ஆறுது."

"ஆறட்டும். நீ கொஞ்ச நேரம் உக்காந்திரு," என்றது பிணம்.