பெருநாள் டிக்கட்

துறைமுகப் பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் ஹேக்கத்தான், செயலி செய்யும் போட்டி. நானும் கிண்ணியாவிலிருந்து வரும் என் தோழியும் சேர்ந்து, நிகழ்ச்சிகளுக்கு டிக்கட் கொடுக்கும் செயலி ஒன்று செய்தோம். டிக்கட் புளொக்செயினில் பதிந்துவிட்டால் கள்ள டிக்கட் அடிக்க முடியாது. பதிந்ததை நாங்களே நினைத்தாலும் அழிக்க முடியாது. நிரல் எழுதியது அவள். மேடையில் வாயடித்தது நான். இரண்டாம் இடம் கிடைத்தது. அதோடு, கொழும்பில் ஆறு மாதப் பயிற்சிக்கு இருவருக்கும் இடம்.

அவளுடைய வாப்பா உடனே தலையாட்டவில்லை.

"முதல்ல நம்மட ஊர்ல செஞ்சு காட்டுங்க மகள். பொறகு கொழும்பப் பத்திக் கதைப்பம்" என்றார்.

ஊர் விளையாட்டுக் கழகம் நோன்புப் பெருநாள் பின்னேரம் ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தது. அதற்கு எங்கள் டிக்கட்டைக் கொடுத்தோம். டிக்கட் எல்லாம் ஒரே நாளில் விற்று முடிந்தது. தலைகால் புரியாமல் திரிந்தோம்.

நோன்பின் கடைசி வாரத்தில் நான் சும்மாதான் கேட்டேன்: "அண்டைக்குப் பிறை தெரியாட்டி என்னடி செய்வாய்?"

அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். பிறை பார்த்துப் பெருநாள் எடுக்கிற வீட்டுப் பிள்ளை, கலண்டரில் சிவப்பாக இருந்த திகதியை நிரலில் போட்டிருந்தாள். வகுப்பில் என் நிரலில் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான்.

பிறை தெரியும் என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டோம். தெரியவில்லை. பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போகிறது என்று வானொலியில் அறிவித்தார்கள். எனக்குக் கோபமான கோபம். பிறையோடு சண்டை போட முடியாததால் அவளோடு போட்டேன்.

மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் நோன்போடு இருந்து நிரலைத் திருத்தினாள். இந்த முறை திகதியே இல்லை. கழகம் எப்போது வாசலைத் திறந்துவிடுகிறதோ அப்போது டிக்கட் செல்லும். நான் கதிரையில் இருந்து ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, "பழசை விடுங்கோ, புதுசு ஒண்டு வரும்" என்று தொண்டை வற்றச் சொன்னேன். அவள் உம்மா எனக்கு மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்தார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

பெருநாள் பின்னேரம் வாசலில் அவள்தான் டிக்கட் பார்த்தாள். வரிசையில் முதல் ஆள் வாப்பா. போனை நீட்டினார். சிவப்பு விழுந்தது: நாள் கடந்த டிக்கட். பின்னால் ஊரே நிற்கிறது.

அவள் குரல் நடுங்கவில்லை. "வாப்பா, அது பழசு. மத்ததக் காட்டுங்க."

அவர் விரலால் தேடித் தேடி மற்றதைத் திறந்தார். பச்சை. ஆனாலும் உள்ளே போகாமல் அங்கேயே நின்று மகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொழும்புக்கு நீங்களும் கூடப் போறதானே மகள்? இவளத் தனிய விட ஏலா."

"ஓம் அங்கிள்" என்றேன்.

எங்கள் வீட்டில் நான் இதைப் பற்றி இன்னும் வாயே திறந்திருக்கவில்லை.