கரப்பந்தில் எனக்கு இலகு வேலை

கண்டியில் இதய சத்திரசிகிச்சை முடிந்து, ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு நான் திரும்பியது தீபாவளிக்கு முந்திய வியாழக்கிழமை. நல்ல ஐப்பசி மழை. நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். ஆனால் அன்று என் மனதில் இருந்தது இன்னும் வராத ஒரு நாள்: சித்திரைப் புத்தாண்டு. எங்கள் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் அன்றுதான் கரப்பந்தாட்டப் போட்டி. மீசை முளைத்த காலம் முதல் மேல் லயத்துக்காக ஆடுகிறேன், ஒரு வருடமும் தவறியதில்லை. இந்த முறை ஆட முடியுமா என்பதே என் கவலை. பிழைத்து வந்தவருக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று என் மனைவி கேட்டாள்.

பதுளை கிளினிக்கில் டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு திணறினால் நின்றுவிட வேண்டும் என்றார். தனியாக நடக்கிறவன் எதைப் பேசுவது? எங்கள் தோட்டத்தை நடத்திய துரைமாரின் பெயர்களை, வந்த வருடத்தோடு வரிசையாகச் சொல்லியபடி பெக்டரி மேட்டில் ஏறினேன். பழைய காகிதங்களிலும் கல்லறைக் கற்களிலும் தேடி நானே தொகுத்த வரிசை அது. முதல் வாரங்களில், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துத் துரை ஒருவரிடமே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். கார்த்திகையில் தேயிலைக்கு வந்தேன். தைப்பொங்கலுக்குள் அரசாங்கம் தோட்டத்தைப் பொறுப்பெடுத்த காலத்தைத் தொட்டேன். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள், "மாமா, இன்னைக்கு எந்தத் தொர வரைக்கும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பங்குனியில் ஒரு காலை, இப்போதைய துரையின் பெயரை உரக்கச் சொல்லி முடித்தபோது மேட்டின் உச்சியில் இருந்தேன். பின்னால் வந்த ஜீப் நின்றது. "என்னயக் கூப்பிட்டீங்களா?" என்றார் துரை.

அடுத்த கிளினிக்கில், நெஞ்செலும்பு நன்றாகக் கூடிவிட்டது, ஆடலாம், பாய்ந்து விழ மட்டும் கூடாது என்றார் டொக்டர்.

"ஆடலாம்னு தானே சொன்னாரு, ஆடணும்னு சொல்லலியே?" என்றாள் மனைவி. ஆனாலும் புத்தாண்டுக்கு முதல் நாள் என் பழைய ஜேர்சியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

எங்கள் மைதானம் பெரட்டுக் களத்தை ஒட்டியது. காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம் அந்தக் களம். நோயில் கிடந்து எழுந்து வருகிறவருக்குச் சில வாரம் இலகு வேலை கொடுப்பது அங்கே வழக்கம். மலையேற வேண்டாம், நாற்றுமேடையில் களை பிடுங்கினால் போதும்.

புத்தாண்டன்று கீழ் லயத்தின் முதல் சேர்வைப் போட்டவன் என் மனைவியின் தம்பி. அவன் அடித்தால் வாங்குகிறவர் கை சிவந்துவிடும். அன்றோ பந்து பலூன் மாதிரி மிதந்து நேராக என் கைக்கே வந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு லயத்து ஆட்களும் கைதட்டினார்கள். அடுத்து அவன் முறை வந்தபோதும் அதே பலூன், அதே கைதட்டல்.

"என்னடா இது?" என்றேன்.

"மச்சானுக்குக் கொஞ்ச நாளைக்கு லைட் வேலதான்," என்றான் அவன். கீழ் லயமே சிரித்தது. எங்கள் பக்கமும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதம் மேடு ஏறியது இதற்காகவா?

அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"டேய்! என்னாத்துக்கு அவருக்கு ஊட்டிக்கிட்டு இருக்க? ஒழுங்கா அடிடா!"

"அக்கா, ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையதான் பிடிச்சுக்குவ."

"ஒன்னய ஏன்டா பிடிக்கப் போறேன்? டொக்டர்கிட்டயே கேட்டாச்சு. நீ அடி!"

அடித்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த பழைய சேர்வ். மணிக்கட்டில் பட்ட பந்து என் தலைக்கு மேலாகப் பின்னால் பறந்து தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது. கை நெருப்பாக எரிந்தது. கீழ் லயம் ஊளையிட்டது. ஒருவரும் எனக்குக் கைதட்டவில்லை.

"அய்யோ மாமா! கைய நீட்டுனா போதுமா? முட்டிய மடக்க மாட்டீங்களா?" என்று எங்கள் அணித் தலைவன் கத்தினான்.

"மடக்குறேன்டா," என்று சொல்லி, முட்டியை மடக்கி, அடுத்த பந்துக்கு நின்றேன்.