லோடு கட்டுகிற கை

கலீபுல்லா இருபது வருஷமாகப் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பு ஓட்டிவந்தவர். அவர் கயிற்றை இழுத்துக் கட்டினால் எந்த வளைவிலும் மூட்டை அசையாது. எழுபத்தெட்டாம் வருஷம், பழைய பத்திரிகையில் பார்த்த இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தைப் போல, மூங்கிலும் மல் துணியுமாக எட்டடி அகலத்தில், ஆளில்லாமல் காற்றில் பறக்கவிட ஒன்று செய்தார். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே சைக்கிள் பிரேக் வயரைக் குறுக்காகப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். இறக்கை வில்லாக வளைந்தது.

"என்னங்க, லோடா கட்டுறீங்க? இது பறக்கணுமுல்ல?" என்றாள் மனைவி மெஹ்ராஜ்.

சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் வயர்களைத் தளர்த்தினார். ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, எல்லாம் ஒரே சத்தம் கொடுக்கும்வரை திருகினார். இறக்கை நேரானது.

மறுநாள் காலையில், தேவாரம் ரோட்டோரம் அறுப்பு முடிந்த காட்டில் ரெண்டு பேருமாக அதை ஜீப்பிலிருந்து இறக்கி வைத்தார்கள். மலைக்காற்று இறங்கியதும் வயர்கள் முனகின. விமானத்தின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, அதோடு நின்றுவிட்டன. மெஹ்ராஜ் பின்னால் போய்ப் பார்த்தாள். வால் ஜீப்பின் பம்பரோடு கட்டிக் கிடந்தது.

"யாருங்க இதைக் கட்டுனது?"

"நாந்தேன்," என்றார் கலீபுல்லா. "கை தன்னால கட்டிருச்சு."

அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கே பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் காற்று நின்றுவிட்டது.