மரித்தவர்கள் நடுவே வாசித்த பெயர்

எண்பதுகளின் கடைசியில் என் மகன் ராணுவ டாக்டர் படிப்புக்கு வடக்கே போனான். ஆவடியில் எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன முதல் பிள்ளை. எல்லாம் மாதாவின் கருணை என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன்.

முதல் லீவில் வந்தவன் கோழிக்குழம்பைத் தொடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி முகர்ந்து பார்த்தான்.

"டாக்டருக்குக் கோழியப் பாத்தா பயமாம்," என்றார் அவன் அப்பா. "நாளைக்கு பார்டர்ல குண்டடி பட்டு ஒருத்தன் வருவான். அவனப் பாத்தும் ஓடுவியா நைனா?"

அவன் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் என்னிடம் மட்டும் சொன்னான்.

"நான் திரும்பப் போவலம்மா. நாங்க அறுத்துப் படிக்கிறமே, அந்தப் பெரியவரு கண்ணுக்குள்ளயே நிக்கிறாரு. யாரும் கேட்டு வராத பொணமாம். ஒரு பேரு கூட இல்லம்மா."

அவருக்கு ஒரு பூசை வைத்தால் ஆத்துமா இளைப்பாறும், நீயும் நிம்மதியாகப் படிக்கப் போகலாம் என்றேன். எங்களுக்குத் தெரிந்த மருந்து அதுதான். அவனையே மாதா கோவிலுக்குப் போய், பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்ளும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னேன்.

ஞாயிறு பூசையில் பாதர் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். நடுவில் என் மகனின் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து வந்தது. பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணை மூடி முழங்காலில் இருந்தான்.

வாசலில் பிடித்துக்கொண்டேன். "இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"பேரு இல்லாம வாசிக்க முடியாதுன்னாரு உபதேசியாரு. என் பேரக் குடுத்தேன். அவருக்கும் ஒண்ணு இருக்கட்டுமேம்மா."

அன்று மத்தியானம் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான். லீவு முடிந்ததும் ரயில் ஏறினான். படித்து முடித்து, ராணுவ டாக்டராகப் பனிமலை எல்லைக்கும் போனான். நான் வேண்டியபடிதான் நடந்தது. ஆனால் எல்லையில் சண்டை என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம் பாதரின் குரல்தான் என் காதில் விழும்.

அந்தப் பூசையைத் திரும்ப வாங்க முடியுமா என்று உபதேசியாரிடம் கேட்டேன்.

"ஆண்டவர் கைக்குப் போனத எப்டிம்மா புடுங்குறது?" என்றார்.

அதனால் மாதந்தோறும் அதே பெயருக்கு ஒரு பூசை வைக்கிறேன். 'உயிரோடு இருப்பவர்' என்று சேர்த்து வாசிக்கச் சொல்லிவிடுவேன். என் மகன் கொடுத்த பெயரைப் பிடுங்குகிறேன் என்று அந்தப் பெரியவர் நினைக்காமல் இருக்க வேண்டும்.