அண்ணன் கிணறுகளை அளந்த காலம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஏர் ஓட்டுகிற தம்பி நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நான் சந்தேகக்காரன் என்பது ஊரறிந்த செய்தி. எண்ணெய் வேண்டுமென்றால் செக்கடியில் போய் நின்று, எள்ளைக் கொட்டுவதிலிருந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். வேறு யாராவது எழுதினால் ஒன்றை விட்டுவிடுவார்கள். அது விடுபடக் கூடாது.

அண்ணன் பிறந்தது கொடுமுடிக்குப் பக்கம், எங்கள் அம்மாவின் ஊரில். காவிரிக் கரையில் பிறந்தவர் வளர்ந்தது எங்கள் வறண்ட ஊரில். இங்கே கிணறு ஊறினால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. அப்பா எங்கள் சிறு வயதிலேயே போய்விட்டார். அண்ணன் கூழைக் குடித்துவிட்டுப் பத்து மைல் நடந்து படித்தார். கோயமுத்தூரில் ஒரு உயர்தரப் பள்ளியில் பூகோள ஆசிரியரானார். உக்கடம் குளத்துக்கு அருகே குடியிருந்தார். யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை.

பரீட்சைக்காகப் படிக்கிற படிப்பு பரீட்சையோடு போய்விடும் என்பது அவர் எண்ணம். ஐந்தாம் பாரம், ஆறாம் பாரம் மாணவர்களில் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்தார். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் அவரவர் ஊர்க் கிணறுகளில் விட்டு, தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று எழுதி வர வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களிடம் மண்ணையும் பாறையையும் பற்றிக் கேட்டுவர வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய அண்ணனும் அவர்களோடு போய், சுக்கான் பாறையைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா?

"கயித்தப் போடறது பசங்க, கிஸ்தி போடறது சர்க்காருங்க. தண்ணி நெறைய இருந்தா வரி ஏறிப்போகுமுங்க" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

அவ்வளவுதான். சனிக்கிழமை விடியுமுன்னே ஊரே மாடுகளைப் பூட்டிக் கவலை ஏற்றத்தால் இறைத்து, கிணற்றை வற்ற வைத்தது. பயிருக்குத் தேவையோ இல்லையோ, தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. நானும் இறைத்தேன். அண்ணன் பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்துவிட்டு என்னிடம், "அதென்ன தம்பி, சனிக்கெழம மட்டும் தண்ணி எறங்குது?" என்று கேட்டார். நான் மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டேன். பிறகு பிள்ளைகளே கண்டுபிடித்து, புதன்கிழமையும் அளந்து வந்தார்கள்.

ஒருநாள் அண்ணன் நான்கு மாணவர்களோடு வந்து எங்கள் கிணற்றிலேயே கயிறு விட்டார். அது எங்கள் இருவருக்கும் பொதுக் கிணறு. ஒருநாள் தண்ணீர் அவர் முறை, மறுநாள் என் முறை. அவர் பட்டணம் போன நாளிலிருந்து இரண்டு முறையையும் நானே பாய்ச்சிக் கொண்டிருந்தேன். பருத்திக் காட்டுக்குள் நின்று பார்த்தேன். பங்கு கேட்கப் போகிறார், ஆதாரத்துக்குப் பிள்ளைகளைச் சாட்சியாகக் கூட்டி வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எதற்கென்று அவரிடம் நான் கேட்கவில்லை. மறுநாள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். கிணறு அளப்பதாகச் சொல்லி இந்த ஆசிரியர் மாணவர்களை ஊர் ஊராகச் சர்க்காருக்கு விரோதமாகத் தூண்டிவிடுகிறார் என்று.

கதர்ச் சட்டையைக் கண்டாலே போலீஸ் பின்னால் போன காலம் அது. விசாரணை வந்தது; மாணவர்களையும் நிற்கவைத்துக் கேட்டார்கள். மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லக் கூடாதென்று உத்தரவாயிற்று. அண்ணனுக்கு வரவேண்டிய தலைமை ஆசிரியர் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

"பதவி கெடக்குது. பசங்க ஊருக்குள்ள போயி நாலு பேருகிட்டக் கேக்கறது நின்னு போச்சே தம்பி" என்றார். பக்கத்து இலையில் சாப்பிட்டுக் கொண்டிருந்த நான், "எந்தப் பாவி எழுதிப்போட்டானுங்களோண்ணா" என்றேன். அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கியதென்று இன்றும் தெரியவில்லை.

ஆனால் அளப்பது நிற்கவில்லை. ஆசிரியரோடு போகக் கூடாதென்றுதானே உத்தரவு? பிள்ளைகள் தனித்தனியாக அளந்தார்கள். பள்ளியை விட்ட பிறகும், வேலைக்குப் போன பிறகும் அளந்தார்கள். சென்ற ஆண்டு அண்ணன் நோயில் படுத்தபோது நோட்டுகளோடு வந்தார்கள். உள்ளே என்ன பேசுகிறார்களென்று நான் கதவோரம் நின்று கேட்டேன். மின்சார மோட்டார் வைத்த தோட்டங்களால் பக்கத்துக் கிணறுகள் இறங்குகின்றனவா என்று வாதாடிக் கொண்டிருந்தார்கள். அண்ணன் படுத்தபடியே, தாம் முன்பு எழுதிய கணக்கு ஒன்று தவறென்று ஒப்புக்கொண்டு திருத்தச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக நேராகக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, அன்னைக்கு நம்ம கெணத்த எதுக்குங்க அளந்தீங்க?"

"உன்ர வெள்ளாமைக்குத் தண்ணி பத்துதான்னு பாக்கத்தான் கண்ணு. என்ர மொறையவும் உன்ர பேருக்கே எழுதிப்போடலாம்னு இருந்தேன். அப்பறம் அந்த விசாரணை வந்து எல்லாம் தள்ளிப்போச்சு. அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். எட்டாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், கண் மூடாமல் கவனித்துக்கொண்ட அண்ணிக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனின் மாணவர்களே, விசாரணையில் நீங்கள் தலைகுனிந்து நின்றது என்னால். பள்ளி நிர்வாகத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்த கடிதம் முழுப் பொய். அதன் அடியில் அன்று போடாத பெயரை, அண்ணியும் படிக்கப் போகிற இந்த மலரில் போடுகிறேன்.

தம்பி நாச்சிமுத்து