நீலம்மாள் மைனியின் அடுக்களைக் கல்

பெண்பள்ளியில் சின்ன வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாறசாலையிலிருந்து வண்டிக்காரர் செல்லப்பன் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "ஒங்க மைனி போயிட்டாவம்மா. விடியக்காலத்த மூச்சு நின்னாச்சு. அண்ணாச்சி ஒங்கள கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ" என்றார். நெய்யாற்றங்கரையிலிருந்து எங்கள் வீடு வரை வண்டியில் நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நீலம்மாள் என் மூத்த அண்ணனின் மனைவி. எனக்கு மைனி. இதை வாசிப்பவர்களில் பலர் அவர் கையால் உண்டவர்கள். அண்ணன் தாலுகா கச்சேரியில் குமஸ்தாவாக இருந்ததால் விருந்தாள் இல்லாத நாள் அந்த வீட்டில் அபூர்வம். இழவுக்கு வந்த இடத்திலும் அவரது புளிக்கறியையும் எரிசேரியையும் பற்றியே பேசினீர்கள். பேசுங்கள், தவறில்லை. நான் அந்தக் கறி வெந்த மேடையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மார்பு உயரத்துக்கு எதற்கு ஒரு அடுக்களை மேடை என்று வெற்றிலை போட்டுக்கொண்டே சிரித்தவர்கள் உங்களில் உண்டு.

மைனி மணமாகி வந்தபோது எங்கள் அடுப்பு தரையில்தான் இருந்தது. ஒரு இடவப்பாதி மழையில் அடுக்களைச் சுவர் சரிந்தது. புதிதாகக் கட்டும்போது, பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரின் பங்களாவில் பார்த்ததைப்போல மேடை வைக்க அண்ணனுக்கு ஆசை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்த மைனிக்கும் ஆசை. அம்மா விடவில்லை. "நின்னுக்கிட்டு பொங்குகது ஊருக்கு சோறு போடுத ஊட்டுப்புரையிலயாக்கும். குடும்பத்துப் பொம்பள இருந்துதான் பொங்கணும்" என்றாள். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக முழங்கால் உயரத்தில் ஒரு மேடை எழுந்தது. மணைப்பலகையில் உட்கார்ந்தபடியே சமைக்கலாம்.

அடுப்புக்கு மட்டும் செங்கல். பக்கத்தில் பானை இறக்கி வைக்க ஒரு நீண்ட அயினி மரப் பலகை. அதைத் தேர்ந்தது அண்ணன். "வள்ளம் செய்யுத மரமாக்கும். பூவாறு காயல்ல எத்தற காலம் கெடக்கு, அழுகுதா?" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தார். தண்ணீருக்கு அழுகாதது உண்மைதான். ஆனால் படகில் யாரும் நாள்தோறும் கொதிக்கும் கஞ்சிப் பானையை இறக்கி வைப்பதில்லை. வருஷம் திரும்புவதற்குள் பலகை வளைந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பானை நிற்காது என்று மைனி சொன்னார். ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன் என்றார் அண்ணன். ஆசாரி இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார்.

அவர்களின் மூத்த மகனுக்கு அப்போது நடை பழகும் வயது. எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். நமக்கு முழங்கால் அளவாக இருந்த மேடை அவனுக்குப் பிடித்து நிற்கத் தோதாக இருந்தது. அன்று மைனி கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுத் தேங்காய் எடுக்கத் திரும்பினார். அவன் பலகையின் விளிம்பைப் பிடித்து எழுந்தான். பானை சரிந்தது. நான் முற்றத்தில் இருந்தேன். நான் கேட்ட சத்தத்தை எழுத மாட்டேன். வைத்தியர் வந்து எண்ணெய் போட்டார். மறுநாள் உச்சிப் பொழுதுக்கு முன் பிள்ளை போய்விட்டான். தோப்பின் மூலையில் குழி வெட்டினார்கள்.

"தலையெழுத்து" என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மேடையை இடித்துவிட்டுப் பழையபடி தரையிலேயே அடுப்பு வைக்க ஆள் வைத்தார். அதுவரை சுவரைப் பார்த்துக் கிடந்த மைனி, கடப்பாரைச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து அண்ணன் முன் நின்றார். அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்துப் பேசி அதற்குமுன் நான் கண்டதில்லை. "இடிச்சது செரி. தரையில வைக்கண்டாம். தரையில வச்சா தவழுத பிள்ளையும் போய் விழும். எனக்கு கல்லு வேணும், ஒயரத்துல வேணும். எந்தக் கல்லுன்னு நான் பாத்துச் சொல்லுதேன்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். 

சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசினால் முகம் பார்க்கலாம் என்றார் கொத்தனார். செம்பாறையை அறுத்த வெட்டுகல் போதுமே என்றார் அண்ணன். மைனி யாரோடும் தர்க்கம் செய்யவில்லை. பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஒரு துண்டு, வெட்டுகல்லில் ஒரு துண்டு, அம்பூரிப் பக்கத்துப் பாறையிலிருந்து கருங்கல்லில் ஒரு துண்டு வரவழைத்துப் புறவாசலில் வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் கரைத்த புளியையும் தேங்காயெண்ணெயையும் ஊற்றி, அரைத்த மஞ்சளை அப்பினார். மறுநாள் கழுவிப் பார்த்தால் சுண்ணாம்புப் பூச்சைப் புளி தின்றிருந்தது. வெட்டுகல் எண்ணெயைக் குடித்துவிட்டு எறும்பைக் கூட்டியிருந்தது. கருங்கல்லில் மஞ்சள் கறை லேசாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு அந்தக் கருங்கல்லின் மேல் கொதிக்கிற கஞ்சியை ஊற்றி, சூடு ஆறுமுன்னே கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினார். கல்லைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல் வெடிக்கவில்லை.

"வழவழன்னு தேச்சுத் தரட்டுமா?" என்று கல்லாசாரி கேட்டார். "வேண்டாம், ஈரப் பானை வழுக்கும். கொத்தி விட்டா போதும். சொவரு பக்கமா கொஞ்சம் சரிவு இருக்கட்டு. சாஞ்சாலும் அங்கோட்டு சாயட்டு" என்றார் மைனி.

அடுத்தது உயரம். அக்கம்பக்கத்தில் நடக்கிற பிள்ளைகளையெல்லாம் கூட்டிவரச் சொன்னார். பிள்ளை செத்த வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்கு மனம் வரும்? என் குழந்தையை அங்கே விடமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நின்று மலையாளத்தில் கத்தினாள் ஒருத்தி. வந்த சில பிள்ளைகளை மைனி சுவரோரம் நிறுத்தினார். கருப்பட்டித் துண்டை உயரத்தில் பிடித்துக்கொண்டு, "எட்டு மக்கா, இன்னும் எட்டு, இன்னும் கொஞ்சம்" என்றார். விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எம்பின. கை எட்டிய இடத்தில் கொத்தனார் கரியால் கோடு போட்டார். எல்லாவற்றிலும் உயரமான கோட்டுக்கு மேலேதான் கல் என்று தீர்ந்தது. மைனி குள்ளம். அது அவருக்கு மார்பளவு வந்தது.

"எம்மா, இதுல எப்பிடிப் பொங்குவிய? தோளு போயிருமே" என்றார் கொத்தனார்.

"நான் எதுலயாவது ஏறி நின்னுக்கிடுதேன். பிள்ளையள் கீழ நிக்கட்டு."

ஏறி நிற்க அவர் எடுத்துக்கொண்டது அந்த அயினிப் பலகையை. அண்ணன் எரிக்கச் சொல்லியிருந்தார். மைனி விடாமல் ஆசாரியைப் பிடித்து, வளைவைச் செதுக்கி, குட்டைக் கால் வைத்து வாங்கினார். "பிள்ளைய கொன்ன பலகையிலயா ஏறி நிக்கப்போற?" என்று அம்மா கேட்டாள். "பலக கொல்லல்ல. வைக்கக்கூடாத எடத்துல நாம வச்சோம்" என்றார் மைனி. அப்படிச் சொன்னதால் அவர் மனம் ஆறியிருந்தது என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு நாளும் அதில் ஏறினார். சமையல் முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் விறகுப்புரையில் வைத்துப் பூட்டினார், பிள்ளைகள் ஏறிவிடக்கூடாதே என்று. ஏறி நின்றும் பெரிய பானைக்குக் கையை உயர்த்தித்தான் துழாவ வேண்டியிருந்தது. வலது தோள் மெல்ல மெல்ல விட்டுப்போனது. கடைசி வருஷங்களில் பிறகு பிறந்த மகள்கள்தான் அவருக்குத் தலை வாரிவிட்டார்கள்.

அந்தக் கல்லில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. அந்த அடுக்களையில் ஓடி விளையாடி வளர்ந்த எந்தப் பிள்ளைமேலும் ஒரு சொட்டுச் சூடு பட்டதில்லை. சிரித்தவர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். பாறசாலையிலும் குளத்தூரிலும் உங்கள் வீடுகளில் முழங்கால் உயர மேடைகள் இன்னும் இருக்கின்றன. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

சென்ற மாதம் மைனியைப் பார்க்கப் போயிருந்தேன். வருஷக்கணக்காக உள்ளே போன புகை நெஞ்சில் கட்டிவிட்டது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பேச்சு விட்டு விட்டு வந்தது. மகள்கள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மைனி என் கையைப் பிடித்தார். "மக்கா, அவனுக்க பேர நான் வாயால சொல்லி எத்தற காலமாச்சு தெரியுமா?" என்றார். யார் பெயர் என்று நான் கேட்கவில்லை. "சொன்னா அழுதிருவேன். அழுதா கண்ணு மறைக்கும். அடுப்புல உலையும் காலடியில பிள்ளையளும் இருக்கச்சில கண்ணு மறைச்சா எப்பிடி? அதனால சொல்லாமலே வச்சிருந்தேன். எல்லாரும் வளந்தாச்சு. இனி சொல்லலாம் இல்லியா?"

"சொல்லுங்க மைனி" என்றேன்.

சொன்னார். வெளியே விளையாடப் போனவனை உண்ணக் கூப்பிடுவதுபோல, மூச்சு முட்டும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். இருமல் வந்து தடுத்தது. பிள்ளை போன நாளில்கூட அழாதவர் அன்று அழுதார். "நீ எழுத்துப் படிச்சவ. எங்கயாவது எழுதி வையி" என்றார்.

அவரது கறியின் ருசியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கல் அவர் மகள்களுக்கு இருக்கும், அவர்களுக்குப் பின்னும் இருக்கும். என்னிடம் இருப்பது அந்தப் பெயர். அவன் பெயர் சிவதாணு. நீலம்மாள் அவனுடைய அம்மா.