பன்னிரண்டு தாய்மாரின் கண்கள்

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவன் நான். கப்பலில் வேலைக்கு ஏறி, ஹம்பர்க்கில் இறங்கி, அறுபதுகளின் கடைசியில் பிராங்பேர்ட் வந்தேன். கிழிந்த தாளை ஒட்டுவதில் அந்த ஊரில் பேர் வாங்கினேன். என் மைதாப் பசை மாதிரி ஒரு ஜெர்மன்காரனும் காய்ச்சியதில்லை. பட்டம் வாங்கியவர்களெல்லாம் என் மேசையருகே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஜெயித்த கதைகளை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1. பிஸ்கட் டப்பா

எழுபதுகளின் தொடக்கம், டிசம்பர் மாதம். படங்களுக்குச் சட்டம் போட்டு, பழைய தாள்களைச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். முதலாளி பெயர் பிராண்ட். மரச்சட்டம் அறுப்பது ராசன், யாழ்ப்பாணத்துக்காரன்.

கெல்லர் அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். பெயர்தான் ஜெர்மன் பெயர். பிறந்தது சீனாவின் வடகிழக்கில் இருக்கும் மஞ்சூரியாவில், மஞ்சு இனம். அங்கே ரயில் வேலைக்குப் போன ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவர் ஜெர்மனில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

டப்பாவுக்குள் சிவப்புத் தாளில் வெட்டிய பன்னிரண்டு பெண் உருவங்கள், சாண் உயரம். எல்லாம் நேராகப் பார்த்து நிற்கின்றன. கைகள் தொங்குகின்றன, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றன, உச்சியில் கொண்டை.

"எங்கம்மா வெட்டினது. எங்க குலத்துத் தாய்மாருங்க," என்றார். "காகிதம் எங்க மலைப்பக்கம் வர்றதுக்கு முன்னாடி பிர்ச் மரப் பட்டையில வெட்டினாங்க. மான் தோல்லயும் மீன் தோல்லயும்கூட."

"மீன் தோலிலையோ?" ராசன் ரம்பத்தை நிறுத்திவிட்டான்.

"காய வெச்சுத் தட்டினா துணி மாதிரி மெத்துனு ஆயிடும். நாங்க ஆத்துல மீன் பிடிச்சு, காட்டுல வேட்டையாடின சனம்."

மேற்குச் சுவர்தான் அவர்களுக்குப் பெரிய இடமாம். முன்னோர் பலகை அங்கேதான் இருக்கும். புதுவருஷத்துக்குப் பலகையிலும் வாசல் நிலையிலும் பூ வெட்டிய தாள்களைத் தொங்கவிடுவார்களாம். இந்தத் தாய்மார்களைப் பிள்ளைகள் எடுத்து நிற்க வைத்து விளையாடுவார்களாம். யாரும் திட்டமாட்டார்களாம்.

பிறகு குரல் இறங்கியது. ஊரில் இருந்த மிச்சத்தையெல்லாம், பழசை ஒழிக்கிறோம் என்று கிளம்பிய கட்சிப் பையன்கள் எரித்துவிட்டதாகத் தங்கை எழுதியிருந்தாள். அதற்கப்புறம் கடிதமே இல்லை. அவரைப் பெற்ற தாய் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

"எங்கம்மா கை பட்டது உலகத்துல இவ்வளவுதான். எங்க புதுவருஷத்துக்குள்ள என் வீட்டு மேற்குச் சுவர்ல மாட்டணும். இங்க வந்து ஒரு தடவைகூட மாட்டினதில்ல. மடிப்புல கிழிஞ்சிருக்கு, அதை மட்டும் ஒட்டினாப் போதும். அப்புறம் முகத்துல…"

நான் குறுக்கே புகுந்தேன். "அம்மா, காகிதத்தைப் பத்தி எனக்கு நீங்க சொல்ல வேண்டாம். இப்பதான் வெட்டின மாதிரி தர்றேன், பாருங்க."

அவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

2. இருபத்து நான்கு ஓட்டைகள்

கிழிசல்களை மெல்லிசான ஜப்பான் தாள் வைத்து ஒட்டினேன். சிவப்புச் சாயம் கசியாமல் ஒட்டுவது லேசில்லை. எனக்கு லேசு. பிறகு முகங்களுக்கு வந்தேன். ஒவ்வொரு முகத்திலும் இரண்டு சிறு ஓட்டை, ஓரம் கருகியிருந்தது.

ராசன் எட்டிப் பார்த்தான். "அண்ணை, இது கணக்குப் படிச்ச பூச்சியோ?"

"என்னல சொல்லுத?"

"பன்னிரண்டு பேருக்கும் ஒரே இடத்திலை ரெண்டு ரெண்டு ஓட்டை. ஓரமும் கருகிக் கிடக்கு. பூச்சி சுருட்டுப் பத்தினதோ?"

"அடுக்கி வெச்ச தாள்ல விளக்குப் பொறி விழுந்திருக்கும். மேல விழுந்தா அடிவரைக்கும் எரியத்தான் செய்யும். இதெல்லாம் நான் எத்தனை பாத்திருக்கேன்."

"அந்த அம்மாவை ஒருக்காக் கேளுங்கோவன். போன் நம்பர் சீட்டிலை கிடக்குது."

"நீ கட்டையை அறு. தாள் என் சோலி."

"சரி அண்ணை. நான் ஒண்டும் கதைக்கேல்லை."

கருகிய தாள் உதிர்ந்துகொண்டே போகும். நல்ல தாள் வரும்வரை வெட்டி எடுப்பதுதான் நான் கற்ற முறை. லென்சுக்கு அடியில் மெல்லிய கத்தியால் கருகிய வளையத்தைச் சுற்றி எடுத்தேன். கடுகைவிடச் சின்னத் துகள்கள். வாயால் ஊதிவிட்டேன். பிறகு அதே சிவப்பில் சாயமேற்றிய தாளை வைத்து இருபத்து நான்கையும் அடைத்தேன்.

பிராண்ட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓட்டை எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியலய்யா!" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

3. மேற்குச் சுவரில் ஆணி

பிப்ரவரியில், அவர்கள் புதுவருஷத்துக்கு முந்தின நாள், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு கெல்லர் அம்மா வந்தார். "ஆணி அடிச்சு வெச்சுட்டேன்," என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்.

பன்னிரண்டையும் ஒரே சட்டத்தில் கண்ணாடி போட்டு வைத்திருந்தோம். பிராண்ட் அதன் மேலிருந்த துணியை விலக்கினார். அம்மா பார்த்தார். கண்ணாடிமேல் ஒரு முகத்தில் விரலை வைத்தார். அடுத்த முகத்துக்குப் போனார். பன்னிரண்டையும் தொட்டு முடித்தார்.

"கண்ணு எங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன். "ஓட்டையாம்மா? எல்லாத்தையும் அடைச்சுட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வெட்டி முடிச்சதும் எங்கம்மா ஊதுபத்தி நுனியால முகத்தைத் தொடுவாங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டே தடவை. அப்பதான் இவங்க நம்மளப் பாப்பாங்க. எங்க வீட்டு வழக்கம் அது. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

ராசன் ரம்பத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாவுப் பசைதாம்மா. பிரிச்சுடலாம்," என்றேன்.

"பிரிச்சா எங்கம்மா சுட்ட ஓரம் இருக்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல. வெட்டிட்டேன்."

"வெட்டினது எங்க?"

"ஊதிட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கிட்ட ஊதுபத்தி இருக்கு. திரும்பச் சுட்டுத் தர்றேன்," என்று வேறு சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்ல வேலைக்காரர்தான். ஆனா நீங்க எங்கம்மா இல்லையே," என்றார். சட்டத்தை எடுக்காமலே போய்விட்டார். பிராண்ட் நாலைந்து தடவை போன் செய்தார். வெயில் காலத்தில் நானே வீடு தேடிப் போனேன். கதவில் வேறு பெயர் இருந்தது. அவர் எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

4. நான் கற்றது

ஓட்டையை அடைக்கும் முன், அதைப் போட்டது யார் என்று கேளுங்கள். எனக்குச் சொல்ல ஒருவர் வாயைத் திறந்தார், நான் மூடினேன். கேட்டுப் பார்க்கச் சொன்னான் ஒருவன், கட்டையை அறு என்றேன். அறியாமல் செய்த பிழை என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. எவ்வளவோ தாள்களைக் காப்பாற்றியிருக்கிறேன். அவை எதுவும் இதைச் சரிக்கட்டவில்லை.

பட்டறை மூடியபோது சட்டம் என்னிடம் வந்து சேர்ந்தது. சுவரில் மாட்ட எனக்கு உரிமை இல்லை. அலமாரியில் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்கு வந்த ராசன் அதை எடுத்து ஜன்னலருகே வைத்து நெடுநேரம் பார்த்தான்.

"திறமான வேலை அண்ணை," என்றான்.

அவன் குத்திக்காட்டவில்லை. ஓட்டை இருந்த இடம் இன்றுவரை தெரியவில்லை.